தொழில் ரகசிய வழக்குகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிக வழக்குகளுக்குப் புதிதாக வரும் இளம் வக்கீல்களின் பிராதுகளை, அதாவது வழக்கைத் தொடங்கும் மனுக்களைப் படிக்கும்போது, எங்கள் தலைமுறை செய்த பிழைகளே திரும்ப வருகின்றன. கோர்ட் ஃபீஸ் குறைவு, வாய்தா தவறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை ஆபீஸ் குமாஸ்தாவே திருத்திவிடுவார்.

ரகசியத்தை நோட்டீஸிலேயே எழுதிவிடுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். காரைக்குடிப் பக்கம் ஓர் ஆச்சி மசாலா அரைத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பிவந்தார். வறுவல் பார்த்தவர் விலகிப்போய்த் தேவகோட்டையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஆச்சியின் வக்கீல் அவருக்கு நோட்டீஸ் விட்டார். திருடியது இதுதான் என்று காட்ட, கல்பாசி எத்தனை கிராம், மராட்டி மொக்கு எத்தனை, எதை எண்ணெய் விட்டு வறுப்பது, எதை வெறும் சட்டியில் வறுப்பது என்று முழுக் கணக்கையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தார்.

விலகியவருக்குத் தெரிந்தது வறுக்கும் பக்குவம் மட்டும்தான். அளவை ஆச்சியே கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்துப் போடுவார். அந்த அளவும் இப்போது நோட்டீஸ் வழியாக அவர் கைக்குப் போய்விட்டது. பிராதிலும் அதே பத்தி. வழக்குக் கட்டு என்னிடம் வந்தபோது ஆச்சி கேட்டார்: "இனி எதைக் காப்பாத்தப் போறீக தம்பி?" பிராதிலிருந்து அந்தப் பத்தியை நீக்க மனு போட்டோம். நோட்டீஸைத் திரும்ப வாங்க ஒரு மனுவும் கிடையாது.

இதற்குப் பயந்து "செட்டிநாட்டுப் பாரம்பரிய முறை" என்று மொட்டையாக எழுதினாலும் இடைக்காலத் தடை கிடைக்காது. கல்பாசி போடுவது ஊருக்கே தெரிந்த விஷயம். தொழில் ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்போதைக்கு ஒப்பந்தமும், நம்பிக்கை மீறல் என்ற கோட்பாடும்தான் துணை. ஆகவே எது ரகசியம், அதை எப்படிப் பூட்டி வைத்தோம், எப்படி வெளியே போனது என்ற மூன்றையும் நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

பிராதில் ரகசியத்தின் வகையையும் எல்லையையும் எழுதுங்கள். அளவுகளைச் சீல் வைத்த கவரில் தாக்கல் செய்யவும், இரு தரப்பு வக்கீல்களும் நிபுணரும் மட்டும் பார்க்கவும் கூடவே மனு போடுங்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 விதிகளில் இதற்கான ரகசியக் குழு முறை இருக்கிறது. நம் கோர்ட்டில் அதை மாதிரியாகக் காட்டலாம். உத்தரவு வரும்வரை கவர் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

விலகியவர் அதே தொழிலைச் செய்யவே கூடாது என்று கேட்பது

1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே கிடைக்காது.

புவிசார் குறியீட்டை ரகசியத்தோடு குழப்புவது

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விண்ணப்பிக்கும்போதே தயாரிப்பு முறையை விவரித்தாக வேண்டும். அது பெயரைக் காக்கும், முறையை மறைக்காது. காப்புரிமைக்கும் முறையை வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்புவது

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். அதில் நிபுணர் கையெழுத்தும் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) இருக்க வேண்டும். கட்சிக்காரர் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடும் முன், முதல் நாளே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

சமரசத்தைத் தாண்டிப் போவது

அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கை, முன்சமரசம், அதாவது வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சு, இல்லாமல் தாக்கல் செய்தால் பிராது நிராகரிக்கப்படும். வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு கட்டாயம் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, அவசரம் என்று சொல்லிப் போகிறீர்கள். கட்சிக்காரர் விஷயம் தெரிந்து பல மாதம் கழித்து உங்களிடம் வந்திருந்தால், அந்தத் தாமதத்துக்கான காரணத்தை அபிடவிட்டில் நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு எழுந்ததும் அதைத்தான் பிடிக்கும்.