மழை இரவைத் தாங்கும் கூடாரம்: குடும்பத்தினரும் தனியாகச் செல்வோரும் தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் கூடாரத்தை விரித்துக் காட்டுபவர் முதலில் சொல்வது அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதைத்தான். வாங்குபவரும் பெரும்பாலும் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார். ஆனால் ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ கொடைக்கானலுக்கு அப்பாலுள்ள மன்னவனூரிலோ கூடாரத்தில் இரவைக் கழித்தவர்களுக்கு, அதன் தரம் நள்ளிரவில் மழை பிடித்துக்கொள்ளும்போதுதான் தெரியவரும் என்பது அனுபவம். நம் மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் உண்டு. இடையிலுள்ள சித்திரை, வைகாசியிலும் கோடை மழை எதிர்பாராமல் கொட்டும். எந்த மாதத்தில் போவதாக இருந்தாலும் மழை பெய்யும் இரவை மனத்தில் வைத்தே கூடாரத்தை வாங்க வேண்டும்.

பையின் மீது ‘4 பேர்’ என்று அச்சிட்டிருந்தால், ஓர் ஆளுக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் அகலம் என்று கணக்கிட்டு, நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்பதே அதன் பொருள். துணிப்பைகளுக்கும் காலணிகளுக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் நான்கு பேர் கூடாரமும், இரண்டு குழந்தைகள் என்றால் ஆறு பேர் கூடாரமும் வாங்குவது நல்லது. வாங்குவதற்கு முன், கூடாரத்தின் தரையளவை வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் வரைந்து, எல்லாரையும் அதற்குள் படுக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்கத்தில் புரளும் பிள்ளை கோட்டைத் தாண்டினால், மலையில் அந்தப் பிள்ளையின் கால் ஈரத் துணியில்தான் படும். சுவர்கள் சரிந்து இறங்குவதால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சற்று இடம் வீணாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறடியை ஒட்டிய உயரமுள்ளவருக்கு ஏழடி நீளம் இருந்தால்தான் சரியாக இருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, கூடாரம் ஒற்றை அடுக்கா இரட்டை அடுக்கா என்பது. நாங்கள் முதலில் வாங்கியது ஒற்றை அடுக்குக் கூடாரம். மன்னவனூரில் ஒரு டிசம்பர் இரவில், ஜன்னலை எல்லாம் மூடிக்கொண்டு அதில் மூவரும் படுத்தோம். விடியற்காலையில் மகளின் போர்வை நனைந்திருந்தது. கூடாரம் ஒழுகிவிட்டது என்று எண்ணி, டார்ச் வெளிச்சத்தில் தையல்களை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எங்கும் கிழிசல் இல்லை, இரவில் மழையும் பெய்யவில்லை. துணியின் உட்புறம் முழுவதும் கடுகு கடுகாக நீர்த்துளிகள் நின்றன. விரல் பட்ட இடத்தில் அவை ஒன்றுசேர்ந்து கோடாக வழிந்தன. இரவு முழுவதும் நாங்கள் விட்ட மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் சமவெளியைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரி குளிர் கூடுதலாக இருக்கும். அந்தக் குளிரும் மலையின் ஈரக்காற்றும் சேரும்போது ஒற்றைத் துணி வியர்க்காமல் இருக்காது.

இரட்டை அடுக்கில் உள்கூடு பெரும்பகுதி கொசுவலையாக இருக்கும். அதற்கு மேலே ஒரு கையகல இடைவெளி விட்டு, நீர் புகாத மேல்துணி நிற்கும். மூச்சின் ஈரம் வலையைக் கடந்து மேல்துணியில் படிந்து, அதன் வழியே கீழிறங்கிவிடும், தூங்குபவர்மீது சொட்டாது. மேல்துணி உச்சியை மட்டும் தொப்பிபோல மூடாமல் தரையை ஒட்டி இறங்க வேண்டும். சாரல் பக்கவாட்டில் அடிக்கும் நம் மலைகளில் தொப்பிக் கூடாரம் பயன்படாது. மழையிலும் திறந்து வைக்கக்கூடிய காற்றுப்போக்கி மேல்துணியின் உச்சியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள். 2,000 மில்லிமீட்டர் என்றால், அந்த உயரத்துக்கு நீரை நிறுத்தி அழுத்தும் வரை துணி கசியாது என்று பொருள். மேல்துணிக்கு 1,500க்குக் குறைந்ததை மழைக்காலத்துக்கு நம்ப வேண்டாம். 2,000 இருந்தால் கவலையில்லை. படுப்பவரின் முழங்கையும் முழங்காலும் ஈர மண்ணின்மேல் அழுத்துவதால் தரைத்துணிக்கு 3,000 அல்லது அதற்கு மேல் தேவைப்படும். இந்த எண்கள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், தையலில் ஊசி போட்ட துளைகளின்மேல் உட்புறமாக நாடா ஒட்டப்படாவிட்டால் நீர் அதன் வழியே வந்துவிடும். கடையிலேயே மேல்துணியை உள்பக்கம் திருப்பி, தையல்களின்மீது பளபளப்பான பட்டை தொடர்ச்சியாக ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கழிகள் ஃபைபர் கண்ணாடியில் செய்யப்பட்டிருந்தால் விலை குறையும், எடை கூடும். பலத்த காற்றில் அவை நீளவாக்கில் பிளந்து சிலாம்பு கையில் ஏறும். அலுமினியக் கழி பெரும்பாலும் வளையும், முழங்கை நீளத் துண்டுகளாக மடங்கும். எந்த வகையாக இருந்தாலும், உடைந்த இடத்தில் செருகிப் பிளாஸ்திரி சுற்றுவதற்கு ஒரு சிறு உலோகக் குழாயைப் பையில் வைத்துக்கொள்வது அவசியம். கூடாரத்தோடு தரப்படும் மெல்லிய கம்பி முளைகள் பாறை கலந்த மண்ணில் வளைந்துவிடுகின்றன. விளிம்பு வைத்த தடித்த முளைகளைத் தனியாக வாங்குங்கள்.

காரில் செல்லும் குடும்பத்துக்கு எடை ஒரு பொருட்டல்ல. எட்டுக் கிலோ இருந்தாலும், முதியவர் அதிகம் குனியாமல் நுழையக்கூடிய உயரமும் எதிரெதிரே இரண்டு வாசல்களும் உள்ள கூடாரமே சிறந்தது. நடு இரவில் சிறுநீர் கழிக்க எழும் குழந்தையை அழைத்துச் செல்ல மற்றவர்களை மிதிக்க வேண்டியிருக்காது. வாசலுக்கு முன் மேல்துணியால் மூடிய முற்றம் ஒன்று இருந்தால் சேறு படிந்த செருப்புகள் அங்கேயே நின்றுவிடும். கூடவே எட்டுக்குப் பத்து அடி தார்ப்பாய் ஒன்றை ஒரு பக்கம் சரித்துக் கட்டிக்கொண்டால், பகல் மழையில் அனைவரும் கூடாரத்துக்குள் அடைந்து கிடக்காமல் அதன்கீழ் உட்கார்ந்திருக்கலாம். அடுப்பு எதுவானாலும் கூடாரத்துக்குள் மூட்டவே கூடாது. துணி சில நொடிகளில் தீப்பற்றும். கார்பன் மோனாக்சைடு வாயுவோ மணமின்றியே உயிரைப் பறிக்கும்.

தனியாக முதுகில் சுமந்து நடப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். கழி, முளை, கயிறு எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குள் அடங்கும் ஒரு ஆள் கூடாரம் அவருக்கு ஏற்றது. பேருந்திலோ பைக்கிலோ செல்பவர் அரைக் கிலோ கூடினாலும் இரண்டு ஆள் கூடாரம் எடுத்துப் பையை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நடைக்கோலை ஊன்றி நிறுத்தும் மிக எடைகுறைந்த கூடாரங்களும் இப்போது கிடைக்கின்றன. அவை முளைகளை நம்பியே நிற்பவை என்பதால், முளை இறங்காத பாறைத் தரையில் உதவுவதில்லை. தானாக நிற்கும் கூடாரத்தையே முதலில் வாங்கச் சொல்வேன்.

வால்பாறைப் பக்கம் அட்டைப்பூச்சி மிகுந்த மழைக்காலத்தில், சமதரை கிடைக்காத தோட்டச் சரிவுகளில், இரு மரங்களுக்கிடையே கட்டும் தூளியும் அதற்கு மேலொரு தார்ப்பாயும் தனியாகச் செல்பவருக்குக் கூடாரத்தைவிட வசதியானவை. மரப்பட்டை காயப்படாமலிருக்க, கயிற்றை நேரடியாகச் சுற்றாமல் ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள நாடாவைப் பயன்படுத்த வேண்டும். அடியில் காற்று ஓடுவதால் முதுகு விறைத்துப்போகும். ஃபோம் பாய் இல்லாமல் குளிர் மாதங்களில் தூளியில் படுக்காதீர்கள். மரமே இல்லாத உயர்ந்த புல்வெளிகளில் தூளிக்கு வேலையில்லை.

எவ்வளவு நல்ல கூடாரமானாலும் தவறான இடத்தில் காப்பாற்றாது. காய்ந்த ஓடைப்படுகை, பட்ட மரத்தின் அடி, யானைகள் நடக்கும் தடம் ஆகியவற்றை விட்டு விலகியே கூடாரம் அடிக்க வேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், கூடாரத்தில் தங்கியிருந்த பெண் ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்தார். வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் தங்குவது சட்டப்படி குற்றம். புல் காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் காட்டுத்தீ எவ்வளவு வேகமாக வரும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த உயிரிழப்புகளுக்குப் பின் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உணவுப் பொருள்களைத் தூங்கும் இடத்தில் வைக்காமல் காருக்குள் பூட்டிவையுங்கள். கரடியும் பன்றியும் மணத்தைத் தேடி வரும்.

வாங்கிய கூடாரத்தை முதலில் மொட்டை மாடியில் விரித்து நிறுத்துங்கள். முளைக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பிய குடங்களில் கயிறுகளைக் கட்டி, தோட்டக் குழாயால் பத்து நிமிடம் நீரைப் பீய்ச்சி, உள்ளே ஒருவரை உட்காரவைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குறையிருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளக் கெடு இருக்கும்போதே தெரிந்துவிடும். இருட்டிய பிறகு ஒருமுறை டார்ச் வெளிச்சத்தில் நிறுத்திப் பழகுவதும் நல்லது. பயணம் முடிந்து திரும்பியதும், காய்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், நிழலில் ஒரு நாள் உலர்த்தி, இறுக்கிச் சுருட்டாமல் பருத்திப் பையில் தளர்வாக வையுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் உட்பூச்சு சிதைந்து பிசுபிசுத்து, புளித்த நாற்றம் அடிக்கத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன துணி மறுபடியும் மழையைத் தடுக்காது.