குரூப்பா ரூம் எடுக்கறீங்களா? ரிசப்ஷன்ல கேக்காதீங்க

பத்து ரூமுக்கு மேல வேணும்னா ரிசப்ஷன்லயோ புக்கிங் ஆப்லயோ ரேட் பாக்காம நேரா ஹோட்டலோட சேல்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு போன் போட்டு ரெண்டு மூணு தேதி சொல்லி "இதுல எது உங்களுக்கு காலியா இருக்கு, அதுக்கு என்ன ரேட்"னு கேளுங்க. இன்னிக்கு ராத்திரி காலியா கெடந்த ரூம நாளைக்கு விக்க முடியாதில்ல, அதான் டல்லான நாளுக்கு அவங்களே இறங்கி வருவாங்க, அதோட ரேட் குறைக்கற அதிகாரம் பெரும்பாலும் சேல்ஸ்காரங்க கிட்டதான் இருக்கும், ரிசப்ஷன்ல இருக்கறவங்க ஸ்க்ரீன்ல வர்றத படிக்கறதோட சரி. ரேட்ல பிடிவாதமா நின்னா விடுங்க, பிரேக்ஃபாஸ்ட், பார்க்கிங், இத்தன ரூமுக்கு ஒரு ரூம் ஃப்ரீன்னு கேட்டு வாங்குங்க. அது அவங்களுக்கு கை வலிக்காம குடுக்கற விஷயம்.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கடைசி நேரத்துல எத்தன ரூம் வரைக்கும் ஃபைன் இல்லாம கேன்சல் பண்ணலாம்னு எழுத்துல வாங்கிடுங்க, நிறைய பேர் மாட்டறது இங்கதான்.

சீசன் உச்சத்துல, இல்ல ஊர்ல பெரிய நிகழ்ச்சி நடக்கறப்ப இது வேலைக்கு ஆகாது. நாலஞ்சு ரூம்தான்னா ஆன்லைன் ரேட்டே கம்மியா இருக்கலாம், பாத்துக்குங்க.