கழித்துப்போட்ட பொருளை பிலிமில் எடுப்பது எப்படி

தூக்கியெறியப்பட்ட பொருள்களைப் படமெடுக்கப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் பழமையைத்தான் தேடுகிறார்கள். துருவேறிய பூட்டு, கரையான் அரித்த கதவு என்று எடுக்கும் படங்கள் பார்க்க அழகாக இருந்தாலும் மனத்தில் தங்குவதில்லை. என் பார்வையில், பொருளின் வயதைவிட, அதை ஒருவர் நாள்தோறும் புழங்கியதால் ஏற்பட்ட தேய்மானமே நம்மைத் தொடுகிறது. அம்மியின் நடுவே குழவி ஓடி ஓடி விழுந்த பள்ளம், எவர்சில்வர் டம்ளரில் வெட்டிய பெயர் துலக்கித் துலக்கிப் பாதி அழிந்திருப்பது, ஒரு பக்கம் மட்டும் பல் உதிர்ந்த சீப்பு ஆகியவற்றில் ஒரு கை தெரிகிறது. அந்தக் கை தெரியாத பொருளுக்கு பிலிமைச் செலவிட வேண்டாம்.

இத்தகைய பொருள்கள் கிடைக்கும் இடம் காயலான் கடை. கிடைக்கும் நாள் போகி. கடையில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எடுப்பதே முறை. அவருக்கு எடை போடும் வேலை இருக்கும் என்பதால், வியாபாரம் சூடுபிடிக்கும் முன் காலையிலேயே போய்விடுவது நல்லது. போகியன்று தெருவோரம் குவியும் பாய், முறம், பள்ளிப்பை ஆகியவற்றைக் குப்பை வண்டி வருவதற்குள் பார்த்துவிட வேண்டும். (அன்றைய புகை வெளிச்சத்தை மென்மையாக்கும் என்பது உண்மைதான், நுரையீரலுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.) கடிதம், மருந்துச் சீட்டு, முகவரி எழுதிய நோட்டு போன்றவை கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். அவற்றை எறிந்தவர் அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும்.

கேமரா எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் சரி, 50 மி.மீ. லென்ஸுடன் கூடிய பழைய 35 மி.மீ. எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) போதுமானது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் ஆகிய 400 ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வு அளவு) கறுப்பு வெள்ளை பிலிம்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, நெடுநாள் அதையே பயன்படுத்துங்கள். ரோலில் இருப்பது 36 படங்கள்தான் என்பதால், ஷட்டரை அழுத்துவதற்கு முன் பொருளைச் சுற்றி ஒருமுறையாவது நடந்து பார்ப்பீர்கள். பிலிமின் பெரிய லாபம் எனக்கு இதுதான்.

கவிழ்ந்து கிடக்கும் ஒரு ரப்பர் செருப்பை எடுத்துக்கொள்வோம். அடிப்புறத்தில், வாரின் குமிழ் பிய்ந்துவரும் துளையருகே ஊக்கு ஒன்று குத்தப்பட்டிருக்கும். குதிகால் ஒருபுறமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கும். அறுந்த பிறகும் அதை மாட்டிக்கொண்டு நடந்தவரின் கதை முழுவதும் அந்த ஊக்கில் இருப்பதால், குவியம் அங்கேதான் விழ வேண்டும். 50 மி.மீ. லென்ஸில் 45 செ.மீ. தொலைவுவரை நெருங்கினால், லென்ஸ் துளையைக் குறுக்கிய எஃப் 8-இல்கூட ஏறத்தாழ இரண்டரை செ.மீ. ஆழம் மட்டுமே கூர்மையாக இருக்கும். எங்கே கூர்மை வேண்டும் என்பதை நீங்களே முடிவுசெய்தாக வேண்டும். வெயில் தாழ்வாக, பக்கவாட்டிலிருந்து விழும் காலை நேரத்தில் தேய்ந்த பள்ளங்கள் நிழலேறித் தெரியும். உச்சிவெயிலில் அவை தட்டையாகிவிடும். எவர்சில்வருக்கு மட்டும் நேர்வெயில் ஆகாது. போலரைசர் ஃபில்டர் வெறும் உலோகத்தின் பளபளப்பைக் குறைப்பதில்லை என்பதால், டம்ளரைச் சுவர் நிழலில் எடுப்பதே வழி. அங்கே 400 ஐஎஸ்ஓ பிலிமுக்கு 1/125 நொடி, எஃப் 8 என்பதிலிருந்து தொடங்கலாம்.

வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். கறுப்புக் குடைத்துணி படச்சட்டத்தை நிறைத்தால், மீட்டர் காட்டும் அளவைவிட ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது பிலிமில் விழும் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். வெளுத்த பனியன் துணியானால் ஒரு ஸ்டாப் கூட்டி, வெளிச்சத்தை இரட்டிப்பாக்குங்கள். இதைச் செய்யாவிட்டால், குடையும் பனியனும் ஒரே சாம்பல் நிறத்தில் வந்து நிற்கும்.

பொருளை இடம் மாற்றலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இர்விங் பென் 1972-இல், தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து, வெற்றுப் பின்னணியில் படமெடுத்து, பிளாட்டினம் உப்பைக் கொண்டு அச்சிடும் முறையில் பெரிதாக அச்சிட்டார். 1975-இல் அவை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தத் துண்டுகள் தூண்களைப் போல் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் புகைத்தவரும் தெருவும் அவற்றிலிருந்து விலகிவிடுகின்றனர். வடிவம் வேண்டுவோருக்கு அது சிறந்த வழி. கைவிடப்பட்ட நிலையைக் காட்ட விரும்பினால் பொருளைத் தொடாமல், அதன் பக்கத்தில் கிடக்கும் காய்ந்த இலையையும் காலி பால் கவரையும் சட்டத்துக்குள் விட்டுவையுங்கள்.

பிலிமை வீட்டிலேயே கழுவுபவருக்குச் சென்னையில் பெரிய தொல்லை குழாய்நீரின் சூடு. எச்பி5 பிலிமுக்கு, சம அளவு நீர் கலந்த ஐடி-11 டெவலப்பரில் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்) 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம் தேவை. கோடையில் குழாய்நீர் 30 டிகிரியைத் தொடும். பனிக்கட்டி போட்ட பேசினில் டெவலப்பர் குப்பியை நிறுத்தி வெப்பத்தை இறக்குங்கள். பனிக்கட்டியைக் கரைசலுக்குள்ளேயே போட்டால் கலவையின் அளவு மாறிவிடும்.

கான்டாக்ட் ஷீட் (ரோலின் படங்களையெல்லாம் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டது) போட்டவுடன் தேர்வு செய்யாமல் சில வாரம் தள்ளிவையுங்கள். எடுத்தபோது ஏற்பட்ட நெகிழ்ச்சி அடங்கிய பிறகு, அந்தப் பொருளை அறியாத ஒருவரிடம் ஷீட்டைக் கொடுத்து, அவர் கண் எந்தச் சட்டத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் விளக்கிச் சொன்னால்தான் புரியும் படத்தைக் கழித்துவிடலாம். மிஞ்சியவற்றை ஐந்துக்கு ஏழு அங்குலத்தில், பளபளப்பில்லாத ஃபைபர் தாளில் (பிளாஸ்டிக் பூச்சற்ற அச்சுத்தாள்) அச்சிட்டால், பார்ப்பவர் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோவார். சின்னஞ்சிறு பொருளுக்கு அந்த நெருக்கமே பொருந்தும். பின்புறத்தில் இடமும் நாளும் மட்டும் மென்பென்சிலால் குறியுங்கள். மையால் எழுதினால் நாளடைவில் படத்தின் பக்கம் ஊறிவிடக்கூடும்.