வீட்டுக் கணினி: உத்தரவாதத் திருத்தமும் சிறு உதிரிப்பாகங்களும்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாங்கிய கணினி பழுதடைந்தால், முதலில் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் தேடி எடுத்து, அவற்றிலுள்ள தொடரிலக்கம் கணினியில் ஒட்டப்பட்டுள்ள இலக்கத்துடன் பொருந்துகிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டைப் படமெடுத்தும் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து நம்மூர் வெக்கையில் விரைவில் மங்கிவிடும்.

உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால், திருகாணிகளைத் தொடாமல் விற்ற கடையிலேயே ஒப்படைப்பது நல்லது. பழுதான பாகம் கொழும்பிலுள்ள முகவரிடம் போய்வர வேண்டியிருக்கலாம் என்பதால், ஒப்படைத்த திகதி, தொடரிலக்கம், பழுதின் விபரம், உடன் கொடுத்த வயர்கள் ஆகியவற்றைக் குறித்து, கடைக்காரரின் கையொப்பத்துடன் ஒரு துண்டு கட்டாயம் பெறுங்கள். இயலுமானால் கோப்புகளை முன்கூட்டியே பிரதியெடுங்கள். புதிய ஹார்ட் டிஸ்க் கிடைத்தாலும் பழையதிலிருந்த பிள்ளைகளின் படங்கள் திரும்பக் கிடைக்கமாட்டா. உத்தரவாதத்தைக் காரணமின்றி மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

உத்தரவாதம் முடிந்த கணினியில் சிலவற்றை நாமே மாற்றலாம். மின்னிணைப்பைக் கழற்றிப் போடும்போதெல்லாம் திகதி பழைய ஆண்டுக்குத் திரும்பினால், பெரும்பாலும் மதர்போர்டு எனும் பிரதான சுற்றுப்பலகையிலுள்ள நாணய வடிவப் பற்றரியே தீர்ந்திருக்கும். அது வழக்கமாக சி.ஆர். 2032 வகையைச் சேர்ந்தது: 3 வோல்ட், 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிப்பு. மணிக்கூடு திருத்தும் கடைகளிலும் விசாரியுங்கள். ஆனால் 2025 என்று பொறித்ததை வாங்கவேண்டாம், அது மெல்லியது என்பதால் தொடுகை தளர்ந்துவிடும். ராம் எனும் நினைவகத் தகடு வாங்கச் செல்லும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்லுங்கள், ராமின் தலைமுறைகளில் டி.டி.ஆர். 3 வகை, டி.டி.ஆர். 4 வகைக்குரிய இடத்தில் பொருந்தாது.