குளிர்ந்த காலையில் டீசல் கார் உதறினால்

மதுரை மார்கழிக் குளிரைக் கார் தாங்கிவிடும், ஆனால் கொடைக்கானலில் ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் உதறி, வெள்ளைப் புகை தள்ளி, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானால் முதலில் குளிர்ந்த இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். இன்ஜின் ஆறியபின் பிளக்கின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அதன் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் இன்னொன்றை இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். நல்ல பிளக் பெரும்பாலும் 2 ஓமுக்குள் காட்டும், ஒன்றுமே காட்டாவிட்டால் அது போய்விட்டது. பிளக் எல்லாம் சரியா? அப்புறம் அதற்குக் கரண்ட் அனுப்பும் ரிலே, ஃபியூஸ்.

சூடான பிறகும் உதறினால் டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தேங்கும். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் கடைசிதான். இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் ரிட்டர்ன் டீசல் அளவைச் சோதிக்காமல் மெக்கானிக் அதை மாற்றச் சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள், பெரிய செலவு அது.