ஸ்பானியத்தைப் பட்டப்படிப்பாக எடுப்பவர்களுக்கு

ஸ்பானிய மொழியையும் அதைப் பேசும் நாடுகளின் பண்பாட்டையும் பல்கலைக்கழகத்தில் பயில விரும்புவோர், சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை முழுவதும் படித்துவிட வேண்டும். இம்மொழியைப் பேசுவோரில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்காவில் வாழ்வதால், மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடம் தராத பாடத்திட்டம் அரைப் படிப்புதான். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது.

முதலாண்டில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே புரிந்துகொள்ள முயல்வது வீண் சுற்று. 'மே குஸ்தா எல் கஃபே' என்ற தொடரில் 'மே' என்பது 'எனக்கு'. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று நான்காம் வேற்றுமையில் பேசிப் பழகியவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. 'ஆப்லோ' என்ற ஒரே சொல், 'பேசுகிறேன்' என்பதைப் போலவே, விகுதியிலேயே ஆளைக் காட்டிவிடுவதால், 'நான்' என்னும் பொருள் தரும் 'யோ'வை ஒவ்வொரு வாக்கியத்திலும் சேர்க்க வேண்டியதில்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது: அஃறிணைப் பொருள்களுக்கும் அங்கே ஆண்பால், பெண்பால் உண்டு. ஆகவே பெயர்ச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல், 'எல் லிப்ரோ' (புத்தகம், ஆண்பால்), 'லா மேசா' (மேசை, பெண்பால்) என்று பாலைக் காட்டும் 'எல்', 'லா'வோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்த 'மேசை'யும் இந்த 'மேசா'வும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை என்பதால், அது மட்டும் தானாகவே மனத்தில் நிற்கும்.

வரலாற்றுப் பாடத்தை 1492இலிருந்து தொடங்கிப் படிப்பது என் பரிந்துரை. ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்ததும், கொலம்பஸ் கடலைக் கடந்ததும், மொழியறிஞர் நெப்ரிஹா காஸ்தீலிய (அதாவது ஸ்பானிய) இலக்கணத்தை வெளியிட்டதும் அந்த ஓராண்டில்தான். எண்ணெயைக் குறிக்கும் 'அசெய்தே' அரபியிலிருந்து வந்தது; 'தொமாத்தே' மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாத்திலிருந்து வந்தது. சொற்களின் ஊரைக் கேட்டுக்கொண்டே படித்தால் பண்பாட்டுப் பாடமும் மொழிப் பாடமும் தனித்தனியாகத் தோன்றாது.

இறுதியாண்டுக்குள், ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் 'தெலே' (DELE) என்னும் ஸ்பானிய மொழித்திறன் சான்றிதழில் பி2 (மேல் இடைநிலை) நிலையை எட்டப் பாருங்கள்; அதற்குக் காலாவதி கிடையாது. பேசுவதற்கு ஒரு நாட்டின் வழக்கைத் தேர்ந்துகொண்டாலும், காதைப் பல வழக்குகளுக்குப் பழக்க வேண்டும். கியூபாவில் 'குவாகுவா' என்றால் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. ஸ்பெயினில் பேருந்தைப் 'பிடிக்க' இயல்பாகச் சொல்லும் 'கொஹேர்' அர்ஜென்டினாவில் கொச்சையான சொல். அங்கே போனால் 'தொமார்' என்றே சொல்லுங்கள்.