ஆர்ச்டாப் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் உடல், பிறகு பிக்கப்

ஆர்ச்டாப் என்றால் மேற்பலகை வில்லாக மேலெழும்பிய கிட்டார்; ஜாஸில் அதிகம் கேட்பது. அதை வாங்க நினைப்பவரிடமிருந்து, கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஹம்பக்கர் வகை நல்லதா, பி-90 வகை நல்லதா என்றுதான் முதல் கேள்வி வரும். நான் உடனே திருப்பிக் கேட்பேன்: எங்கே வாசிக்கப் போகிறீர்கள், பக்கத்தில் டிரம்ஸ் இருக்குமா? அதற்குப் பதில் தெரியாமல் பிக்கப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. நான் அதைக் கற்றுக்கொள்ளப் பெரிய விலை கொடுத்திருக்கிறேன்.

பதினோரு வருடங்களுக்கு முன், டொராண்டோவில் இரண்டு வருடம் சேர்த்த பணத்தைப் போட்டு ஒரு 17 அங்குல ஆர்ச்டாப் வாங்கினேன். முழு ஸ்ப்ரூஸ் பலகையைக் கடைந்து செய்த மேற்பலகை. பிக்கப் அந்தப் பலகையைத் தொடாமல், பலகையைக் கீறாமல் காக்கும் பிக்கார்டு என்ற தகட்டில் தொங்கும்; இதைத்தான் மிதக்கும் பிக்கப் என்பார்கள். வீட்டில், இரவில், ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் வாசித்தால் அந்த ஒலி நெஞ்சுக்குள் இறங்கும். அதை எடுத்துக்கொண்டு ஓர் உணவகத்தில் பாஸ், டிரம்ஸோடு உட்கார்ந்தேன். இரண்டாவது பாடலில் ஆறாவது கம்பியில் ‘ஏ’ சுரத்தை மீட்டியதும் ஆம்ப் ஊளையிட ஆரம்பித்தது. ஒலியைக் குறைத்தால் டிரம்ஸ் என்னை விழுங்கிவிட்டது. கூட்டினால் மறுபடி ஊளை. இடைவேளையில் எஃப் வடிவத் துளைகளில் துணியைத் திணித்து மீதி இரவை ஓட்டினேன். அவ்வளவு அழகான பலகையின் வாயைத் துணியால் அடைத்தது இன்னும் உறுத்துகிறது.

என்ன நடந்தது என்றால், ஆம்பிலிருந்து வரும் சத்தம் மேற்பலகையை அசைக்கிறது. பலகை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாகக் கம்பியை அசைக்கிறது. பிக்கப் அந்த அசைவையும் ஆம்புக்கே அனுப்புகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதுதான் ஃபீட்பேக். எந்தப் பலகை எளிதாக அதிர்ந்து நன்றாகப் பாடுகிறதோ, அதுதான் சீக்கிரம் ஊளையும் இடும். அந்த கிட்டாரில் குறை ஒன்றுமில்லை. நான் அதைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோனேன்.

இந்தக் கருவியின் பிறப்பைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் கிப்சன் நிறுவனம் 1922-இல் எல்-5 மாடலைக் கொண்டுவந்தபோது கிட்டாருக்கு மின்சாரம் கிடையாது. ஊதுகருவிகளுக்கு நடுவே காதில் விழ வேண்டும். அதற்காகவே உடல் பெருத்துக்கொண்டு போனது. 1934-இல் வந்த சூப்பர் 400-இன் அகலம் 18 அங்குலம். கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987-இல் இறக்கும்வரை கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் ஆம்ப் இல்லாமல்தான் தாளத்தைத் தாங்கினார். அந்தப் பெரிய உடலின் உண்மையான வேலை அதுதான். 1936-இல் பிக்கப்போடு கிப்சனின் ஈஎஸ்-150 வந்தது. ஜாஸ் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் அதில் தனி வாசிப்பு வாசித்துக் காட்டினார். அதன்பின் பலகை ஒன்றே எல்லாச் சத்தத்தையும் எழுப்ப வேண்டிய அவசியம் போனது. 1949-இல் வந்த ஈஎஸ்-175 ஆரம்பத்திலிருந்தே மின் கிட்டார்தான்: 16 அங்குலத்துக்குச் சற்று மேல் அகலம், மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த மேப்பிள் ஒட்டுப்பலகை, அதை வெட்டிப் பதித்த பிக்கப்.

‘ஒட்டுப்பலகை’ என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். தயவுசெய்து அப்படி ஒதுக்காதீர்கள். ஜாஸ் கிட்டார் மேதைகள் ஜோ பாஸ், ஜிம் ஹால், தொடக்க கால பாட் மெத்தெனி எல்லோரும் ஈஎஸ்-175 வாசித்தவர்கள். இசைத்தட்டுகளில் கேட்டு நாம் மயங்கிய ஒலியில் பெரும்பங்கு அந்த ஒட்டுப்பலகையின் ஒலி. சுரம் சட்டென்று எழுந்து, கொஞ்சம் கட்டைபோல் முடியும். அந்தக் குறுகிய ஆயுள்தான் ஒவ்வொரு சுரத்தையும் தனியாகக் காட்டுகிறது.

ஆகவே என் கணக்கு இது. வீட்டிலோ, பாடகர் ஒருவரோடோ, இரண்டு கிட்டாராகவோ வாசிப்பவர் கடைந்த பலகையும் மிதக்கும் பிக்கப்பும் வாங்கட்டும். அந்தப் பணம் வீணாகாது. டிரம்ஸோடு வாரக்கடைசியில் வாசிப்பவருக்கு 16 அங்குல ஒட்டுப்பலகை. அதைவிடச் சத்தமான மேடைக்கு ஈஎஸ்-335 போல நடுவில் மரக்கட்டை ஓடும் மெல்லிய உடல். இதற்கு நடுவிலும் வழிகள் உண்டு. ஜாஸ் கலைஞர் வெஸ் மான்ட்கமரி வாசித்த எல்-5 சிஇஎஸ் கடைந்த பலகையிலேயே பிக்கப்பைப் பதித்தது. கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சனுக்காக ஐபனீஸ் நிறுவனம் செய்த ஜிபி10-இல் பிக்கப்புகள் மிதப்பவை, ஆனால் உடல் 15 அங்குலத்துக்கும் குறைவுதான். குள்ளமானவர்களும் தோள்வலி உள்ளவர்களும் அதை ஒருமுறை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். 18 அங்குல உடலைச் சுற்றிக் கையைப் போட்டு இரண்டு மணி நேரம் வாசிப்பது லேசான காரியமில்லை. உயர்ந்த சுரங்களுக்குக் கை எட்டக் கழுத்தருகே உடலில் விடும் வெட்டு கூர்மையா வட்டமா என்பதைக் கண்ணுக்குப் பிடித்தபடி முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் டொராண்டோவின் ஜாஸ் கிட்டார் கலைஞர் எட் பிக்கர்ட்டையும் சொல்லியாக வேண்டும். திடமான உடல் கொண்ட டெலிகாஸ்டரில், கழுத்துப் பக்கம் ஒரு ஹம்பக்கர் வைத்து, அவ்வளவு மென்மையான ஜாஸ் ஒலியை எடுத்தவர் அவர். கையில் காசு குறைவென்றால் அந்த வழியிலும் தாராளமாகப் போகலாம்.

இப்போது பிக்கப். 1946-இல் வந்த பி-90 ஒரே சுருள் கொண்டது. சுரத்தின் முதல் நொடி, நகம் படும் ஓசை, விரலின் அழுத்தம் எல்லாம் அதில் தெரியும். மங்கலாக்கும் விளக்குகள், நியான் பலகைகள் பக்கத்தில் இருந்தால் ‘உம்ம்’ என்ற இரைச்சலும் கேட்கும். அந்த இரைச்சலை நீக்கத்தான் கிப்சன் பொறியாளர் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கரை உருவாக்கினார். 1957 முதல் ஈஎஸ்-175-க்கு அது வந்தது. ஒலி தடித்து, ஓரங்கள் உருண்டுவிடும். நான் இன்று வாசிப்பது பி-90. டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்தால் அது ஹம்பக்கருக்கு வெகு அருகே வந்துவிடுகிறது. ஆனால் ஹம்பக்கரை எவ்வளவு திருப்பினாலும் பி-90-இன் அந்த முதல் நொடி கிடைப்பதில்லை. இரைச்சல் பொறுக்காதவர், பழைய கட்டடங்களில் வாசிப்பவர் ஹம்பக்கருக்கே போகலாம். ஒன்று கவனியுங்கள்: இரண்டு பக்கமும் காது நீட்டிய பி-90-ஐ திருகால் உயர்த்த முடியாது; அடியில் தகடு வைக்க வேண்டும்.

கம்பியையும் சேர்த்தே யோசியுங்கள். காந்தப் பிக்கப்புக்கு வெண்கலக் கம்பி ஒத்துவராது. முதல் இரண்டு எஃகுக் கம்பிகள் கத்தும், மற்றவை அடங்கிவிடும். நிக்கல் அல்லது எஃகு சுற்றிய, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிகளில், 12-இல் (முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) தொடங்கும் செட் போதும்.

கடையில் முதலில் ஆம்ப் இல்லாமல் பத்து நிமிடம் வாசியுங்கள். எஃப் துளையின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள்: அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை, மரத்தின் ரேகை மேலிருந்து கீழே தொடர்ந்தால் முழுப்பலகை. பிறகு ஆம்பை மேடையில் வைக்கும் அளவுக்குக் கூட்டி, ஒரு மீட்டர் தள்ளி அதைப் பார்த்து நின்று, ஆறாவது கம்பியில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மெதுவாக ஏறுங்கள். ஊளை எங்கே தொடங்குகிறது என்று காதே சொல்லிவிடும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதை விடாதீர்கள்.

குளிர்நாட்டில் இருப்பவர் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்றில் கடைந்த பலகை வெடிக்கலாம். 45 முதல் 50 சதவீதம் காக்க முடியாதென்றால் ஒட்டுப்பலகையே நிம்மதி.

வாங்கி வந்ததும் ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். பிரிட்ஜ் பல ஆர்ச்டாப்புகளில் ஒட்டப்பட்டிருக்காது, கம்பியின் இழுவையில்தான் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் வண்ணம் உரிக்காத டேப்பைச் சிறிதாக ஒட்டி இடத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். முடிந்ததும் 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மானிக்கும் (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை வால்பக்கம் மயிரிழை தள்ளுங்கள், இறங்கியிருந்தால் கழுத்துப்பக்கம்.